சீட்டு தோத்தப்புறம் வர்ற அந்த ரெண்டு நிமிஷம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை 20 வருஷத்துக்கு மேல வாங்கிப் படிக்கறேன், இதுவரைக்கும் ஒரு கடிதம் எழுதினது இல்ல. போன வாரம் ஆன்லைன் சூதாட்டத்தைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சதுலேந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், எங்க வேணா வெட்டிக்கோங்க.

கட்டுரையில சட்டத்தைப் பத்தி நல்லா சொல்லியிருந்தீங்க. 1967-ல சுப்ரீம் கோர்ட் ரம்மி திறமை விளையாட்டுன்னு சொன்னதுலேந்து, நம்ம கவர்மென்ட் போட்ட தடை, ஹைகோர்ட் அதை ரத்து பண்ணது, மறுபடி சட்டம், மறுபடி கேஸுன்னு எல்லாம் இருந்துச்சு. ஆனா ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் ஒரே கேள்விதான், இது திறமையா அதிர்ஷ்டமா. 50 வருஷமா எல்லாரும் இதையேதான் கேட்டுகிட்டு இருக்காங்க. நான் ஆன்லைன்ல போக்கர்ங்கற சீட்டாட்டம் ஆடி 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபா தொலைச்சவ. எனக்கு ஆட்டம் தெரியும், சீட்டும் எனக்கு மோசமா வரல. ஒரு கை, அதாவது ஒரு ஆட்டம், தோத்ததும் எனக்குள்ள என்ன நடக்குதுன்னுதான் எனக்குத் தெரியல, பணம் போனது அதனாலதான். அதைப் பத்தி யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

எனக்கு 47 வயசு, திருச்சியில ஒரு தனியார் கம்பெனியில அக்கவுண்டன்ட்டா இருக்கேன். பொறந்தது கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். எங்க வீட்டுத் திண்ணையில ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் ரம்மி நடக்கும். காசு வச்சு ஆடக்கூடாதுன்னு பாட்டி கண்டிஷனா சொல்லிட்டதால புளியங்கொட்டைதான் பந்தயம், ஆளுக்கு 50 கொட்டை. எங்க அப்பா நல்லா ஆடுவார். ஆனா ஒரு பழக்கம் உண்டு அவருக்கு, ஒரு பெரிய ஆட்டம் தோத்துட்டார்னா சீட்டைக் கவுத்து வச்சுட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுவார். கிணத்தடியில ஒரு வாளி தண்ணி எடுத்து கால்ல ஊத்திகிட்டு, முகம் கழுவி, துண்டால துடைச்சுகிட்டே வந்து உக்காருவார். கூட ஆடறவங்க "என்ன சார் அதுக்குள்ள வேர்த்துப் போச்சா"ன்னு கேலி பண்ணுவாங்க, அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், வேட்டியை சரி பண்ணிகிட்டு "ம், போடுங்க"ன்னுவார். நான் அப்போ சின்னப் பொண்ணு, அப்பாவுக்கு வெயில் தாங்கல போலன்னு நெனச்சுப்பேன். அவர் போய் 11 வருஷம் ஆச்சு. எதுக்கு எழுந்து போனார்னு எனக்குப் புரிஞ்சது 2022-லதான்.

2020 லாக்டவுன்ல வீட்டுலேந்தே வேலை, ராத்திரி தூக்கம் வராது, அப்போ ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒருத்தர் போக்கர்னு ஒரு ஆப்பைச் சொன்னார். ரம்மி தெரிஞ்ச எனக்கு அது புதுசு. கையில ரெண்டு சீட்டு, நடுவுல முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணுன்னு மொத்தம் அஞ்சு பொதுச் சீட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் பணம் கட்டலாம், ஏத்தலாம், இல்ல அந்தக் கையை விட்டுட்டு சீட்டை மடக்கி வச்சுடலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ஏன்னா அது பூரா கணக்கு. ரெண்டு ஏஸ் சேர்ந்து கையில வர்றது 221 தடவைக்கு ஒரு தடவை. ரெண்டு ஏஸ் வச்சிருக்கறவனும் ரெண்டு ராஜா வச்சிருக்கறவனும் ஆரம்பத்துலயே மொத்தப் பணத்தையும் வச்சு மோதினா 100-க்கு 82 தடவை ஏஸ்காரன் ஜெயிப்பான். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நோட்டு போட்டு எழுதி வச்சு ஆடினேன், மூணு நாலு மாசம் கொஞ்சமா லாபத்துலதான் இருந்தேன், பொய் சொல்லல.

2020 நவம்பர்ல அவசரச் சட்டம் வந்து ஆப் இங்க வேலை செய்யாம போச்சு, நானும் விட்டுட்டேன், பெருசா ஏங்கவும் இல்ல. 2021 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் அந்தச் சட்டத்தை ரத்து பண்ணதும் போன்ல மெசேஜ் வந்துச்சு, திரும்ப வாங்க, போனஸ் தர்றோம்னு. போனேன்.

2022 ஜனவரி, பொங்கலுக்கு முன்னாடி வாரம். ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், வீட்டுல எல்லாரும் தூங்கியாச்சு, நான் ஹால்ல ஃபேனைக்கூட போடாம போன் வெளிச்சத்துல உக்காந்திருக்கேன். கையில இஸ்பேட் ஏஸும் ஆட்டின் ஏஸும். எதிர்ல ஒருத்தன் மொத்தத்தையும் வச்சான், நானும் வச்சேன், சீட்டு திறந்துச்சு, அவன்கிட்ட ரெண்டு ராஜா. நடுவுல நாலு சீட்டு விழுந்தாச்சு, எல்லாம் சின்ன சீட்டு, ராஜா இல்ல. இனி ஒரே ஒரு சீட்டு பாக்கி, தெரியாத சீட்டு 44, அதுல மூணாவது ராஜாவா வந்து அவனைக் காப்பாத்தறது ரெண்டே ரெண்டு. 44-ல 2. விழுந்துச்சு, கிளாவர் ராஜா. 18 ஆயிரம் ரூபா அந்தப் பக்கம் நகர்ந்து போச்சு.

அந்த 18 ஆயிரத்தைப் பத்தி எனக்கு இன்னைக்கும் வருத்தம் கிடையாதுங்க. சரியா ஆடினேன், 100-க்கு 18 தடவை அப்படித்தான் நடக்கும், அதுக்குப் பேர்தான் கணக்கு. அதுக்கப்புறம் நடந்ததைத்தான் உங்ககிட்ட சொல்லணும். காது ரெண்டும் சூடாச்சு, நெசமாவே தொட்டுப் பாத்தா சூடு. வயித்துக்குள்ள ஏதோ பிசையற மாதிரி. கட்டை விரல் தானா அடுத்த டேபிளைத் தட்டிடுச்சு, நான் முடிவு பண்ணேன்னு சொல்ல முடியாது. அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரத்துல 1 லட்சத்து 12 ஆயிரம் போச்சு. ஜாக்கியும் நாலும் வச்சுகிட்டு ஏத்தினேன், சம்பந்தமே இல்லாத ரெண்டு சீட்டு, வேற நாளா இருந்தா பாக்காமலே மடக்கியிருப்பேன். என் கண்ணு ஸ்க்ரீன்ல இருந்துச்சே தவிர நான் அங்க இல்ல, அந்த கிளாவர் ராஜா விழுந்த இடத்துலயே நின்னுகிட்டு இருந்தேன். என்னோட 18 ஆயிரத்தை எடுத்தவனை எப்படியாவது புடிக்கணும், அவன் வேற டேபிளுக்குப் போயாச்சு, நான் யார் யார்கிட்டயோ சண்டை போட்டுகிட்டு இருக்கேன். பையன் காலேஜ் ஃபீஸுக்குன்னு போட்டு வச்ச ஆர்டியை அடுத்த நாள் காலையில உடைச்சேன். அதுவும் பிப்ரவரிக்குள்ள போச்சு. வளையலும் அடகுக்குப் போச்சு. மார்ச்ல ஒரு நாள் என் வீட்டுக்காரர் பேங்க் பாஸ்புக்கைப் பாத்துட்டு, கத்தாம, பக்கத்துல உக்காந்து "என்னம்மா ஆச்சு"ன்னு கேட்டார், அன்னைக்கு ஆப்பை போன்லேந்து அழிச்சதுதான்.

இந்த நிலைமைக்கு போக்கர் ஆடறவங்க ஒரு பேர் வச்சிருக்காங்க, டில்ட்னு சொல்வாங்க. அந்தக் காலத்து பின்பால் மெஷின்லேந்து வந்த வார்த்தை அது. சின்ன இரும்பு குண்டு உருண்டு ஓடற மெஷின், ஆடறவன் ஆத்திரத்துல மெஷினைப் புடிச்சு ஆட்டினா டில்ட்னு எழுத்து எரியும், உடனே குண்டைத் தட்டற கட்டை ரெண்டும் வேலை செய்யாது, அந்த ஆட்டம் அதோட போச்சு. இதைத் தெரிஞ்சுகிட்டப்போ எனக்கு அழுகையே வந்துச்சு. அந்தப் பழைய மெஷின், ஆளுக்கு ஆத்திரம் வந்துடுச்சுன்னு தெரிஞ்ச உடனே தன்னைப் பூட்டிக்குது. என் கையில இருந்த போன் அந்த நேரத்துலதான் இன்னொரு டேபிளைக் காட்டி, இன்னும் பணம் போடறதுக்கு ஒரு பச்சை பட்டனையும் காட்டுச்சு.

இன்னொண்ணு வேகம். ஒரு ரூம்ல ஆள் உக்காந்து சீட்டு கலைச்சு போடற போக்கர்ல ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கைதான் ஆட முடியும். போன்ல ஒரே டேபிள்ல அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல ஓடும், ஒரே சமயத்துல நாலு டேபிள் திறந்து வச்சு ஆடறவங்களும் உண்டு. திண்ணையில ஒரு ஆட்டம் முடிஞ்சா சீட்டைப் பொறுக்கணும், கொட்டையை எண்ணணும், கலைக்கணும், வெட்டணும், போடணும், நடுவுல யாராவது வெத்தலை கேப்பாங்க, ஒருத்தர் மழை வருமான்னு வானத்தைப் பாப்பாரு. அந்த ரெண்டு நிமிஷத்துல தோத்தவனுக்கு சூடு ஆறிடும். போன் அந்த ரெண்டு நிமிஷத்தைத் திருடிடுச்சு. ஆப் நடத்தறவங்களுக்கு ஆட்டம் நிக்காம ஓடினாதான் கமிஷன், அதனால அந்த ரெண்டு நிமிஷம் அவங்களுக்கு நஷ்டம், நமக்கு அதுதான் உயிர்.

திறமை இருந்தா தப்பிச்சுக்கலாம்னு நெனக்கறவங்களுக்காக ஒரு மனுஷனைப் பத்திச் சொல்லணும். அமெரிக்காவுல ஸ்டூ உங்கர்னு ஒருத்தர் இருந்தார். ஜின் ரம்மின்னு நம்ம ரம்மி மாதிரி ஒரு ஆட்டம், அதுல அவரை ஜெயிக்க ஆளே இல்ல, அவரோட ஆட யாருமே வராததால போக்கருக்கு வந்தார். லாஸ் வேகாஸ்ல வருஷா வருஷம் நடக்கற உலகப் போக்கர் போட்டியோட மெயின் ஈவென்ட்டை 1980, 1981, 1997-ன்னு மூணு தடவை ஜெயிச்சார். எதிர்ல இருக்கறவன் கையில என்ன சீட்டுன்னு படிக்கறதுல அவ்வளவு பெரிய ஆள். ஜெயிச்ச பணம் அத்தனையும் குதிரை ரேஸுலயும் பந்தயத்துலயும் போதையிலயும் போச்சு. 1998-ல லாஸ் வேகாஸ்லயே ஒரு சாதாரண மோட்டல் ரூம்ல செத்துக் கிடந்தார், வயசு 45, சொத்துன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. திறமையா அதிர்ஷ்டமான்னு கேக்கற கோர்ட்டுக்கு இவரை எந்தப் பக்கம் வைக்கறதுன்னு தெரியுமாங்கறது என் கேள்வி.

அதே மாதிரி 2017 ஜனவரியில அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல ஒரு கேசினோவுல லிப்ராட்டஸ்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் நாலு பெரிய போக்கர் ஆட்டக்காரங்களோட 20 நாள் ஆடுச்சு, 1 லட்சத்து 20 ஆயிரம் கை. நாலு பேரும் தோத்தாங்க. கணக்குல அது நம்மளைவிட எவ்வளவோ பெருசு, அது வேற விஷயம். என் மனசுல நின்னது என்னன்னா, அது ஒரு கை தோத்ததும் அடுத்த கையை அப்பதான் உக்காந்த மாதிரி ஆடும். போன கைக்காக அதுக்குக் கோபம் இல்ல, பழி வாங்கணும்னு இல்ல. மனுஷனால அப்படி இருக்கவே முடியாது, இருக்கணும்னு நான் சொல்லவும் இல்ல. ஆனா கோபம் வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கவாவது முடியும்ல.

இதுல எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கற ஒண்ணு இருக்கு. போக்கர்னாலே முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கணும்னு நெனக்கறாங்க. அது எதிராளிக்குக் காட்டாம இருக்கறதுக்கு, அவ்வளவுதான். உள்ள கொதிக்கறதை அது ஒரு டிகிரிகூட குறைக்காது. ராத்திரி ஹால்ல தனியா உக்காந்து போன்ல ஆடறவளுக்கு முகத்தை யார் பாக்கப் போறா? எனக்கு சின்ன வயசுலேந்து வீட்டுல கோபப்படாதே, பொம்பளைப் புள்ளை முகத்தைத் தூக்காதேன்னு சொல்லியே வளர்த்தாங்க, அதனால கோபத்தை மறைக்க எனக்கு நல்லாத் தெரியும், கோபம் வருதுன்னு கண்டுபிடிக்கத்தான் தெரியாது. மறைச்சு மறைச்சு எனக்கே தெரியாம போயிடுச்சு. இதை எழுதும்போதுதான் இவ்வளவு தெளிவாத் தோணுது.

சரி, இப்போ என்ன பண்றேன்னு சொல்றேன். காசு வச்சு ஆடறதில்ல, ஒரு ரூபாகூட. ஆனா போக்கரை விடல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான், வீட்டுக்காரர், பையன், கொழுந்தனார், அவர் பொண்ணு, அஞ்சு பேரும் ஹால்ல பாய் விரிச்சு உக்காந்து ஆடறோம். ஊர்ல பூட்டிக் கிடந்த வீட்டுலேந்து பாட்டியோட புளியங்கொட்டை டப்பாவை எடுத்துட்டு வந்தேன், பழைய பிஸ்கட் டின், மூடி துருப்புடிச்சிருக்கு. ஆளுக்கு 50 கொட்டை, தீந்து போனா எழுந்துடணும், கடன் கிடையாது. முதல் வாரமே எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. கொழுந்தனார் கடைசி சீட்டுல என்னை அடிச்சார், நடுவுல இருந்தது 36 புளியங்கொட்டை, ஒரு பைசா பெறாது, அதே காது சூடு, அதே வயித்துப் பிசைவு, அடுத்த கையை எடுக்க கை பரபரக்குது. அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு, இந்த சூட்டுக்கும் பணத்துக்கும் சம்பந்தம் இல்ல. பணம் சேர்ந்தா அது நம்மளை எரிக்கும், ஆனா பத்த வைக்கறது பணம் இல்ல.

அன்னைக்கு எழுந்து பாத்ரூம் போய் குழாயைத் திறந்து கால்ல தண்ணி விட்டுகிட்டு நின்னேன். அப்பா ஞாபகம் வந்துச்சு. ரொம்ப நேரம் நின்னேன்.

அதுலேந்து சில பழக்கம் வச்சிருக்கேன், யார்கிட்டயும் கத்துக்கல, ஆடி ஆடி வந்தது. சீட்டை உடனே தூக்கிப் பாக்க மாட்டேன், என் முறை வர்ற வரைக்கும் பாயில கவுந்தே இருக்கும், அது வரைக்கும் மத்தவங்களைப் பாப்பேன். கொழுந்தனார் நல்ல சீட்டு வந்தா கொட்டையை அடுக்க ஆரம்பிப்பார், அவர் பொண்ணு பொய்யா ஏத்தும்போது ஜடையைப் புடிச்சுக்கும், இதெல்லாம் அவங்களோட ஒரு வருஷம் ஆடியும் நான் பாக்கவே இல்ல, ஏன்னா போன கையையே நெனச்சுகிட்டு இருந்தேன். நடுவுல எத்தனை கொட்டை இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு எண்ணுவேன், பையனுக்கு எரிச்சலா இருக்கும், ஆனா எண்ணும்போது மனசு வேற எங்கயும் போக முடியாது. முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு உள்ளங்கையையும் பாயில வைப்பேன், பாய் கோரை உள்ளங்கையில குத்தும், ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம்தான் மடக்கறதோ ஏத்தறதோ. நான் சாஞ்சு உக்காந்திருந்தா பரவாயில்ல, முன்னால குனிஞ்சிருந்தா ஏதோ துரத்திகிட்டு இருக்கேன்னு அர்த்தம். பெரிய கை ரெண்டு தொடர்ந்து தோத்தா எழுந்து கால் கழுவிட்டு வரணும், இது எனக்கு மட்டும் இல்ல, இப்போ வீட்டுல எல்லாருக்கும் சட்டம்.

ஜெயிச்சாலும் இதே கதைதான், அதை யாரும் சொல்றதில்ல. கொழுந்தனார் தோக்கும்போது தங்கம், அவ்வளவு பொறுமை. தொடர்ந்து மூணு ஆட்டம் ஜெயிச்சார்னா போச்சு, எந்தக் குப்பை சீட்டு வந்தாலும் மடக்க மாட்டார், இன்னைக்கு என் நாள்னுவார், அரை மணி நேரத்துல 120 கொட்டையும் காலி. சீட்டுக்கு இது உன் நாளா என் நாளான்னு தெரியாதுங்க.

ஆபீஸ்ல யார்கிட்டயாவது மனஸ்தாபம்னா, இல்ல தூக்கம் சரியில்லன்னா அந்த ஞாயிறு நான் வேடிக்கை மட்டும் பாப்பேன். எவ்வளவு கொட்டை ஜெயிச்சேன்னு நோட்டுல எழுதறதை நிறுத்திட்டேன். இப்போ எழுதறது வேற, எந்தக் கையில முடிவு சரி, எந்தக் கையில கோபத்துல ஆடினேன், அவ்வளவுதான். தோத்த கையிலயும் முடிவு சரின்னு எழுதியிருப்பேன், ஜெயிச்ச கையிலயும் தப்புன்னு எழுதியிருப்பேன். ரெண்டையும் பிரிச்சுப் பாக்கவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு, அக்கவுண்டன்ட் நான்.

இதையெல்லாம் எதுக்கு உங்களுக்கு எழுதறேன்னா, ஆன்லைன்ல பணம் வச்சு ஆடறதைத்தான் 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்திட்டாங்களே, திறமையா இருந்தாலும் அதிர்ஷ்டமா இருந்தாலும் நடத்தக்கூடாதுன்னு, அப்போ பிரச்சினை முடிஞ்சுதேன்னு உங்க கட்டுரை ஒரு இடத்துல சொல்லுது. சட்டத்தை நான் மனசார வரவேற்கறேன், அந்த ஆப் 2022-ல இல்லாம இருந்திருந்தா என் வளையல் என் கையில இருந்திருக்கும். ஆனா முடியலங்க. என் அக்கா பையன் ஒருத்தன், 26 வயசு, ரம்மி ஆப் நின்னதும் இப்போ ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன் வாங்கறான், அதாவது விலை ஏறுமா இறங்குமான்னு பணம் கட்டற ஒப்பந்தம். காலையில 9.15-க்கு ஆரம்பிச்சு மத்தியானம் 3.30 வரைக்கும் போனும் கையுமா இருக்கான். போன மாசம் அவன் பக்கத்துல உக்காந்து பாத்தேன், 4 ஆயிரம் நஷ்டம் வந்துச்சு, உடனே முன்னால குனிஞ்சான், கட்டை விரல் வேகம் எடுத்துச்சு, ரெண்டு மடங்கு வாங்கினான், "சித்தி இதுலயே எடுத்துடறேன் பாருங்க"ன்னான். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு, அது அவன் இல்ல, 2022-ல ஹால்ல இருட்டுல உக்காந்திருந்த நான். ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபியே 2024-ல சொல்லிட்டாங்க, மூணு வருஷத்துல ஃப்யூச்சர் ஆப்ஷன்ல இறங்கின தனி ஆட்கள்ல 100-க்கு 93 பேருக்கு நஷ்டம், சராசரியா ஆளுக்கு 2 லட்சம். ஷேர் ஆப்பை யாரும் தடை பண்ணப் போறதில்ல, அது வேற தொழில், ஆனா தோத்ததும் வர்ற சூடு ஒண்ணுதான். ஒரு வாசலை மூடினா அது அடுத்த வாசல் வழியா வருது.

இத்தனை வருஷ சட்டம், உத்தரவு எல்லாத்துலயும் எனக்கு மரியாதை வந்தது ஒரே ஒரு விதிமேலதான். 2025 பிப்ரவரியில நம்ம மாநிலம் கொண்டு வந்த விதிமுறையில ராத்திரி 12 மணிலேந்து காலையில 5 மணி வரைக்கும் பணம் வச்சு ஆடற ஆப்புக்குள்ளயே நுழையக்கூடாதுன்னு போட்டாங்க. கம்பெனிக்காரங்க கேஸ் போட்டாங்க, ஜூன்ல ஹைகோர்ட் விதி செல்லும்னு சொல்லிடுச்சு. அந்த விதியை எழுதினவர் யாரோ, அவருக்கு நான் கை எடுத்துக் கும்பிடறேன். திறமை, அதிர்ஷ்டம்னு போகாம, தோத்தவன் ராத்திரி தனியா உக்காந்திருப்பானேன்னு யோசிச்சு எழுதின விதி அது. பின்பால் மெஷின் தன்னைப் பூட்டிகிட்ட மாதிரி. என்னோட 1 லட்சத்து 12 ஆயிரத்துல பெரும்பகுதி 12 மணிக்கு அப்புறம் போனதுதான், பேங்க் ஸ்டேட்மென்ட்ல நேரத்தோட இருக்கு.

நான் உங்ககிட்ட கேக்கறது இதுதான். ஆன்லைன் ரம்மியில பணம் இழந்தவர் தற்கொலைன்னு எத்தனை செய்தி போட்டிருப்பீங்க, கீழ உதவிக்குக் கூப்பிடச் சொல்லி 104-ம் 14416-ம் நம்பர் போடறீங்க, அது நல்ல விஷயம், நிறுத்திடாதீங்க. ஆனா அந்த நிலைமைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, முதல் 5 ஆயிரம் தோக்கும்போது அவருக்கு காது சூடாயிருக்கும், விரல் பரபரத்திருக்கும், போன கையிலயே மனசு நின்னிருக்கும். அதைப் படிக்கறவங்களுக்கு யாராவது சொல்லணும்ல. ஞாயிறு இணைப்புல ராசிபலனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கறீங்க, அதுல கால் பக்கம் குடுத்தாப் போதும். மனநல டாக்டர் ஒருத்தரை எழுதச் சொல்லுங்க, இப்போ நல்லா இருக்கற, ஆடி வெளிய வந்தவங்களையும் எழுதச் சொல்லுங்க, தடை நல்லதா கெட்டதான்னு கேக்காம அந்த ரெண்டு நிமிஷத்துல நீங்க என்ன பண்ணீங்கன்னு கேளுங்க. நான் எழுதித் தர்றேன், காசு வேண்டாம்.

போன ஞாயிறு என் பையன் ரெண்டு ஏஸ் வச்சுகிட்டு தோத்தான். 41 கொட்டை. முகம் செவந்து போச்சு, டப்புனு அடுத்த சீட்டைத் தூக்கப் போனான், பாதியில நிறுத்தினான், கவுத்து வச்சான். "அம்மா ஒரு நிமிஷம்"னு எழுந்து போனான், குழாயில தண்ணி விழற சத்தம் கேட்டுச்சு. அவன் எங்க அப்பாவைப் பாத்திருக்கான், ஆனா அவர் சீட்டாடி பாத்ததே இல்ல.

கடிதத்தைப் போட்டீங்கன்னா என் பேர் வேண்டாம், ஊர் மட்டும் போடுங்க. அந்த ஆர்டி போன விஷயம் என் கூடப் பொறந்த அண்ணனுக்கு இன்னும் தெரியாது. அவரும் உங்க பேப்பர்தான் வாங்கறார், சொல்லணும்னுதான் இருக்கேன், நானே நேர்ல போய் சொல்லிக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.